மல்லாட்டை, நெல், தேங்காய்: விதைக்குள் சோறு எங்கே?

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ப்ளஸ் ஒன் படிக்கும் அவருடைய மகள், புத்தகத்தில் எண்டோஸ்பெர்ம், விதையிலை என்றெல்லாம் படித்துவிட்டு, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொட்டையைப் பிளந்து காட்டி "இதுல எண்டோஸ்பெர்ம் எங்க?" என்கிறாளாம். அப்புறம் தேங்காய் மூடியைக் காட்டி "இதுல விதையிலை எங்க?" என்கிறாளாம். பூவிலிருந்து விதை எப்படி உண்டாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறார். கடைசியாக அவருக்கே ஒரு சந்தேகம்: நிலத்தில் மல்லாட்டை நன்றாகக் காய்த்தும் பாதிக் காய் பொக்காகப் போகிறதே, அது ஏன்?

சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறாள் உங்கள் மகள். படத்தில் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதி மார்க் வாங்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகமே வராது.

முதலில் நேரடிப் பதில். பாகங்கள் எல்லா விதையிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: தாய்ச்செடி போர்த்திவிட்ட தோல், புதிதாக உண்டான கரு, அந்தக் கருவுக்கு ஒரு கட்டுச்சோறு. எண்டோஸ்பெர்ம் என்பது இந்தச் சோறுதான். அந்தச் சோற்றைக் கரு எப்போது சாப்பிட்டது என்பதில்தான் விதைக்கு விதை வித்தியாசம். மல்லாட்டை, செடியில் இருக்கும்போதே முழுக்கச் சாப்பிட்டுத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டது. அதனால் பிளந்து பார்த்தால் எண்டோஸ்பெர்ம் கிடைக்காது. தேங்காயோ தன் சோற்று மூட்டையை அவிழ்க்காமலே கீழே விழுகிறது. நெல்லும் அப்படித்தான்.

மொச்சையிலிருந்து தொடங்குவோம். பொங்கலை ஒட்டி நம் பக்கம் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்காத வீடு குறைவு. ஊறிய மொச்சையை இரண்டு விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். கையில் நின்ற தோல் தாய்ச்செடியின் சதை. பாத்திரத்தில் விழுந்தது அதன் பிள்ளை. இரண்டுக்கும் மரபணு ஒன்றல்ல. மொச்சையின் தோல் வெள்ளையா, பழுப்பா, கறுப்பா என்பதைத் தாய்ச்செடி முடிவு செய்கிறது. பக்கத்துக் கொல்லையிலிருந்து வந்த மகரந்தம் அந்த வருஷத்துத் தோலின் நிறத்தை மாற்ற முடியாது.

பிதுக்குவதற்கு முன் தோலைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு விளிம்பில் வெள்ளையாக நீளக் கோடு தெரியும். காயோடு விதை ஒட்டியிருந்த இடம் அது. அங்கேதான் தழும்பு இருக்கிறது. அந்தக் கோட்டின் ஒரு முனைக்கு அருகில் ஊசி முனையளவு துளை ஒன்று உண்டு. அதன் பெயர் சூல்துளை. ஊறிய விதையைத் துடைத்துவிட்டு மெதுவாக அழுத்தினால் அந்தத் துளையில் ஒரு சொட்டு நீர் கசியும். உள்ளே முளைவேரின் நுனி அந்தத் துளையைப் பார்த்தபடிதான் படுத்திருக்கும். பருப்பைப் பிரித்தால் இரண்டு தடித்த விதையிலைகள், அதாவது கருவின் முதல் இலைகள், அவற்றை இணைத்தபடி ஒரு சின்ன முளை. முளையின் ஒரு முனை வேர், மறுமுனை குருத்து. துவரம்பருப்பாக உடைக்கும்போது உதிர்ந்துபோவது இந்த முளைதான். அதனால்தான் துவரையை ஊறவைத்தால் முளைக்கும், பருப்பை ஊறவைத்தால் ஊறத்தான் செய்யும்.

சரி, தோல், கரு, கட்டுச்சோறு, இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன?

பூவின் நடுவில் இருக்கும் சூலகத்துக்குள் சூல்கள் இருக்கின்றன. சூலகம் காயாகும், சூல் விதையாகும். ஒவ்வொரு சூலும் ஒரு சின்னக் காம்பில் தொங்கும். பின்னால் தழும்பாக மிஞ்சுவது இந்தக் காம்பு அறுந்த இடம். சூலைச் சுற்றிப் பெரும்பாலும் இரண்டு உறைகள். அவை நுனியில் முழுக்க மூடிக்கொள்ளாமல் ஒரு வாசலை விட்டுவைக்கின்றன. நாம் மொச்சையில் பார்த்த துளை அதுதான்.

சூலின் உள்ளே ஒரு செல் குன்றல் பிரிவு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் பிரிவு) அடைந்து நான்காகிறது. பெரும்பாலான செடிகளில் அவற்றில் மூன்று அழிந்துபோகும். மிஞ்சிய ஒன்றின் உட்கரு மூன்று முறை பிரிந்து எட்டாகிறது. எட்டு உட்கருக்கள் ஏழு செல்களாக அமர்கின்றன: வாசல் பக்கம் ஒரு முட்டையும் அதன் துணைச் செல்கள் இரண்டும், எதிர்ப்பக்கம் மூன்று, நடுவில் ஒரு பெரிய செல். நடுச்செல்லுக்கு மட்டும் இரண்டு உட்கரு. இந்த ஏழு செல் அமைப்பு முழுவதையும் கருப்பை என்கிறோம்.

மகரந்தத்தூள் சூலகத்தின் உச்சியான சூல்முடியில் விழுந்ததும் ஒரு குழாயை இறக்குகிறது. அந்தக் குழாய் கொண்டுவருவது ஒரு ஆண் செல்லை அல்ல, இரண்டை. ஒன்று முட்டையோடு சேர்கிறது, கரு உண்டாகிறது. இன்னொன்று நடுச்செல்லின் இரண்டு உட்கருக்களோடு சேர்கிறது, எண்டோஸ்பெர்ம் உண்டாகிறது. பாடப் புத்தகத் தமிழில் கருவூண். 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் செர்கேய் நவாஷின் லில்லி வகைப் பூக்களில் இதைக் கண்டு சொன்னார். அடுத்த வருஷமே பிரான்சில் கினியார் என்பவரும் தனியாக இதையே காட்டினார். பூக்கும் தாவரங்களின் தனி அடையாளம் இந்த இரட்டைக் கருவுறுதல்.

கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகும். நெல்லின் செல்லில் 24 குரோமோசோம். முட்டையில் 12, ஆண் செல்லில் 12, கருவில் 24. கருவூணில் 36: தாயிடமிருந்து 24, தகப்பனிடமிருந்து 12. நாம் தினமும் வடித்துச் சாப்பிடும் அரிசி இந்த 36 குரோமோசோம் திசு. உமியைச் சுமந்த தாய்ப்பயிரின் உடம்பும் அல்ல அது, அடுத்த பயிராக முளைக்கப்போகிற கருவும் அல்ல. அந்த விதையோடு பிறந்து அந்த விதையோடே முடிந்துபோகிற ஒரு மூன்றாம் ஆள். மக்காச்சோளத்தில் மஞ்சள் ரகத்தின் மகரந்தம் வெள்ளை ரகத்தின் மேல் விழுந்தால், வெள்ளைக் கதிரிலேயே அதே பருவத்தில் மஞ்சள் மணிகள் வந்து நிற்கும். கருவூணில் தகப்பன் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மாங்கொட்டையை நட்டால் ஏன் அதே மாம்பழம் வராது என்று கேட்பவர்களுக்கும் பதில் இதே இடத்தில்தான். நாம் சாப்பிட்ட சதை தாய்மரத்துடையது, அது எந்த மகரந்தத்திலும் மாறாது. கொட்டைக்குள் இருக்கும் கரு இரண்டு பேருக்குப் பிறந்தது. பங்கனப்பள்ளி, நீலம், பெங்களூரா எல்லாம் ஒரு கொட்டைக்கு ஒரு கரு வைக்கும் ரகங்கள், அதனால் ஒட்டுக்கன்றுதான் வழி. கேரளத்து ஒலூர் போன்ற சில ரகங்களில் மட்டும் ஒரே கொட்டையிலிருந்து பல கன்றுகள் கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் சூல்திசுவிலிருந்தே முளைத்த அச்சு நகல்கள். (1911 வரை நம் வட ஆற்காட்டின் தலைநகராக இருந்த சித்தூரில் இன்று பெங்களூரா மாந்தோப்புகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. அத்தனையும் ஒட்டு.)

கருவுற்ற பிறகு நடப்பதில் ஒரு முறை உண்டு. முதலில் வேகமாக வளர்வது கரு அல்ல, கருவூண். பெரும்பாலும் செல் சுவரே எழுப்பாமல் உட்கருக்கள் மட்டும் பெருகிக்கொண்டே போகும், ஒரு திரவமாக. சுவர் பிறகுதான் வரும். இந்தத் திரவ நிலையை நுண்ணோக்கி இல்லாமல் பார்க்க வேண்டுமானால் இளநீரைக் குடியுங்கள். இளநீர் என்பது செல் சுவர் எழும்பாத கருவூண். ஏறக்குறைய ஆறாவது மாதத்திலிருந்து ஓட்டின் உட்புறத்தில் அது செல்களாக உறையத் தொடங்குகிறது. வழுக்கை என்று ஸ்பூனால் வழித்துச் சாப்பிடுவது அந்தக் கட்டம். பன்னிரண்டு மாதத்தில் முற்றிய தேங்காய்ப் பருப்பாகிறது. கருவை வளர்க்கும் சத்து இந்தத் திரவத்தில் இருப்பதால், 1941இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளம் கருக்களைத் தேங்காய் நீர் சேர்த்த ஊடகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். திசு வளர்ப்புக் கூடங்களில் இன்றும் அது பயன்படுகிறது.

ஆக, உங்கள் மகளின் இரண்டாவது கேள்வி. தேங்காயில் நார் மட்டை கனியின் உறை. ஓடும் கனியின் உறைதான், அதன் உள்ளடுக்கு. பருப்பின் முதுகில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல்தான் விதையுறை. வெள்ளைப் பருப்பும் நீரும் கருவூண். கரு எங்கே என்றால், மூன்று கண்களில் மெத்தென்று இருக்கும் ஒன்றுக்குக் கீழே, பருப்பில் புதைந்த ஒரு சின்ன முளை. தேங்காய் துருவும்போது அந்தக் கண்ணுக்குப் பின்னால் பார்த்தால் கையில் அகப்படும். முளைக்கும்போது கருவின் ஒரு முனை குருத்தாக வெளியே போகிறது. இன்னொரு முனை உள்ளே உப்பிக்கொண்டே போய் நீர் இருந்த இடத்தை நிரப்புகிறது. கோயில் வாசலில் தேங்காய் உடைத்து உள்ளே பூ இருந்தால் நல்ல சகுனம் என்பார்களே, அந்தத் தேங்காய்ப்பூதான் விதையிலை. பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்பும் வேலை அதனுடையது.

பனையில் இதே கதை இன்னும் அழகாகத் தெரியும். நுங்கு, இளம் கருவூண். முற்றினால் அதுவே பல்லை உடைக்கிற கல்லாக ஆகிவிடும், ஏனென்றால் பனை தன் சோற்றை மாவாக வைக்காமல் தடித்த செல் சுவராகவே சேர்த்துவைக்கிறது. கிழங்குக்காகப் புதைத்த பனங்கொட்டையைப் பிறகு வெட்டினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சுபோல, இனிப்பாக ஒன்று இருக்கும். பிள்ளைகள் அதற்காகவே கொட்டை பொறுக்குவார்கள். அதுவும் உறிஞ்சிக்கொண்டிருக்கும் விதையிலைதான். அது உறிஞ்சியது எல்லாம் மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகிறது.

நெல்லுக்கு வருவோம். ஆற்காடு கிச்சலி சம்பாவோ வேறு எதுவோ, கையில் இருக்கும் நெல் கண்டிப்பாகச் சொன்னால் விதை அல்ல, ஒரு கனி. உமி பூவைச் சுற்றியிருந்த செதில்கள்; விதையின் பாகமே கிடையாது. உமி நீங்கிய பழுப்பரிசியில் கனியுறையும் விதையுறையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக் கிடக்கின்றன. அதற்கு உள்ளே அலுரோன் என்ற உயிருள்ள அடுக்கு, அதற்கும் உள்ளே மாவு நிறைந்த கருவூண். ஓரமாக அடியில் கரு. தவிடு என்று மில்லில் விட்டுவிட்டு வருவது உறைகள், அலுரோன், கரு மூன்றும் சேர்ந்தது. வீட்டு அரிசியில் ஒன்றை எடுத்துப் பாருங்கள், ஒரு முனையில் கடித்தது போல ஒரு சின்னக் குறை இருக்கும். கரு இருந்த இடம். கதிரில் பால் பிடிக்கும் பருவத்தில் நசுக்கினால் வரும் பால் என்பது, மாவு நிரம்பிக்கொண்டிருக்கும் கருவூண். முற்றும்போது அந்த மாவுச் செல்கள் செத்துவிடும். முளைக்கும் நேரத்தில் கரு ஜிப்பெரலின் என்ற ஹார்மோனை அனுப்பும். உயிரோடிருக்கும் அலுரோன் அடுக்கு அமைலேஸ் நொதியைச் சுரந்து மாவைச் சர்க்கரையாக்கும். கருவின் ஒற்றை விதையிலை அதை உறிஞ்சும். செடியாகிறவரை அந்த விதையிலை வெளியே வருவதே இல்லை.

கேழ்வரகு வேறு மாதிரி. அதன் கனியுறை காகிதம் போல மெலிதானது, தானாகவே உரிந்துவிடும். நாம் பார்க்கும் அந்தச் சிவந்த பழுப்பு நிறம் விதையுறை. அது உள்மாவோடு இறுக ஒட்டியிருக்கிறது. அதனால் கேழ்வரகை அரிசி மாதிரித் தீட்டி வெள்ளையாக்குவது லேசில் நடக்காது, தோலோடு அரைத்துத்தான் களி கிண்ட வேண்டும்.

ஆமணக்கு இரண்டு விதையிலைச் செடிதான், ஆனால் சோற்றை மிச்சம் வைத்தே கிளம்பும். தோலை உடைத்து நடுவில் பிளந்தால், எண்ணெய் நிறைந்த தடித்த கருவூணுக்கு நடுவே நரம்போடிய இரண்டு மெல்லிய விதையிலைகள் தெரியும். இரண்டு விதையிலை என்றாலே கருவூண் இருக்காது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது தவறு என்று காட்ட இந்த ஒரு விதை போதும். (கொட்டை விஷம். பிள்ளைகள் கையில் கொடுத்தால் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஜவ்வாது மலைச் சீத்தாப்பழத்தின் கொட்டையும் அப்படித்தான், கருவூண் நிறைந்தது. கொட்டைப்பாக்கை வெட்டினால் வெள்ளையில் பழுப்பு ரேகைகள் ஓடுமே, அது விதையுறை கருவூணுக்குள் மடிந்து மடிந்து நுழைந்த கோலம். சீத்தாவிலும் அதே கோலம் உண்டு.

இனி மல்லாட்டை. வட ஆற்காட்டுக்காரனுக்கு இதைப் பற்றிச் சுருக்கமாகப் பேச வராது.

பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடும். தன் மகரந்தத்தையே தான் ஏற்றுக்கொள்ளும் பூ. காம்பு போலத் தெரியும் மஞ்சள் பூவின் நீண்ட கழுத்து உண்மையில் காம்பு அல்ல, ஒரு குழல். அதன் அடியில், இலைக்கணுவில், சூலகம் ஒளிந்திருக்கிறது. கருவுற்ற பின் சூலகத்தின் அடிப்பகுதி நீண்டு விழுதாக மண்ணை நோக்கி இறங்கும். கரு அந்த விழுதின் நுனியில் பயணம் செய்கிறது. சில செல்களாகப் பிரிந்ததும் அது வளர்ச்சியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். விழுது மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் போய், இருட்டும் ஈரமும் கிடைத்து, கிடைமட்டமாகத் திரும்பிய பிறகுதான் கரு மறுபடி வளரும். மண்ணைத் தொடாத விழுது காயாகாமல் கருகிவிடும். மேல்கணுவில் பூத்த பூக்கள் பலவும் வீணாவது இதனால்தான். மண் அணைப்பது அவற்றுக்கும் எட்டட்டும் என்றுதான்.

மண்ணுக்குள் முதலில் ஓடுதான் முழு அளவுக்கு வளரும். பருப்பு பிறகு வந்து நிரப்பும். இந்த இடைவெளியில்தான் கருவூண் உண்டாகி, கருவால் தின்னப்பட்டு மறைகிறது. இளங்காயைப் பிளந்து பார்த்தால் சூலுக்குள் ஒரு நீர்த்த பகுதி இருப்பது தெரியும். நாள் போகப் போக விதையிலைகள் தடித்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். முற்றிய பருப்பில் பாதிக்குச் சற்றுக் குறைய எண்ணெய், கால் பங்கு புரதம். எல்லாமே இரண்டு விதையிலைகளுக்குள். சிவப்புத் தோல் மட்டும்தான் தாயுடையது. ஓடு காவல் காப்பதால் அந்தத் தோல் அவ்வளவு மெலிதாக இருக்கிறது.

பொக்கு விழுவது இந்த நிரப்பும் கட்டத்தில்தான். ஓடு வளர்ந்துவிட்டது, பருப்பு வரவில்லை. முக்கியக் காரணம் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். வேர் உறிஞ்சும் கால்சியம் நீரோடு சேர்ந்து மேலே போகும், இலை நீரை ஆவியாக்கும் இழுப்பில். ஒருமுறை இலைக்குப் போன கால்சியம் திரும்பிக் கீழே இறங்காது. மண்ணுக்குள் கிடக்கும் காய் நீரை ஆவியாக்குவதில்லை, ஆகவே அதை நோக்கி இழுப்பும் இல்லை. செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், காய் மட்டும் பட்டினி. விழுதும் காயும் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகத் தோல் வழியாகத்தான் கால்சியத்தை எடுக்க வேண்டும். மேல்மண்ணில் சுண்ணாம்பு குறைந்த செம்மண் நிலத்தில் அதற்கு வழியில்லை.

அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் ஜிப்சம் ஹெக்டேருக்கு 400 கிலோ, இறவையில் 40 முதல் 45ஆம் நாளுக்குள் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு 160 கிலோ ஆகிறது. மானாவாரியில் நாளை எண்ணாமல் ஈரம் பார்த்துப் போட வேண்டும். காய்ந்த மண்ணில் ஜிப்சம் கரையாது, கரையாதது காய்க்குள் போகாது. காய் பிடிக்கும்போது வறட்சி அடித்தால் ஜிப்சம் போட்ட நிலத்திலும் பொக்கு விழுவது இதனால்தான். விழுது இறங்கிய பிறகு கொத்தினால் விழுது அறுந்துபோகும், 45 நாளுக்கு மேல் மண்ணைக் கிளறாதீர்கள். பொட்டாஷை அளவுக்கு மேல் கொட்டினால் அதுவும் காய்ப் பகுதியில் கால்சியத்தோடு போட்டி போடும். பருப்பு நிரம்பியிருந்தும் பிளந்தால் முளைக்குருத்து கறுத்திருந்தால் அதுவும் கால்சியம் குறைவுதான். விதையிலைகளின் உட்புறம் குழிந்து பழுப்பாக இருந்தால் போரான் குறைவு. உங்கள் காயில் நாலைந்தைப் பிளந்து பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். பொக்கு எல்லா வருஷமும் ஒரே நிலத்தில் விழுகிறதென்றால், விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

நிரம்பிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, காய்வது. விதை வளர்ந்து முடிந்ததும் தாயோடு உள்ள நீர்த் தொடர்பு அறுகிறது. உலர்ந்தாலும் செல் கெடாமல் காக்கும் புரதங்களை அதற்கு முன்பே கரு தயார் செய்துகொள்ளும். அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன், ஈரத்தில் கிடந்தாலும் முளைக்காமல் அடக்கி வைக்கும். கொடி மல்லாட்டையில் இந்த உறக்கம் சில மாதம்கூட நீடிக்கும். நாம் அதிகம் போடும் கொத்து ரகங்கள் பலவற்றில் உறக்கம் மிகக் குறைவு. ஆடிப்பட்டத்தில் விதைத்து, பிடுங்கும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடுகிறதே, காரணம் அதுதான். முற்றிவிட்டதா என்று பார்க்க ஓட்டை உடைத்து உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பொறுங்கள், கறுத்துப் பழுப்பேறியிருந்தால் பிடுங்குங்கள். மா, பலா விதைகள் இந்தக் காய்தலையே தாங்காது, உலர்ந்தால் செத்துவிடும். அவற்றை வாரக்கணக்கில் எடுத்துவைக்காமல் உடனே நட வேண்டும்.

விதைக்கென்று எடுத்துவைக்கும் மல்லாட்டையை 9 சதவீத ஈரத்துக்குக் குறையக் காயவைத்து, ஓட்டோடே வையுங்கள். உரித்து வைத்தால் அந்த மெல்லிய சிவப்புத் தோலை நம்பி இருக்க வேண்டியதாகிவிடும். அது சீக்கிரம் உரியும், எண்ணெய் காறும், வண்டு விழும். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் நெல்லுக்கு 80 சதவீதம் என்றால் மல்லாட்டைக்கு 70தான் வைத்திருக்கிறார்கள். விதைக்கப்போகும் வாரத்தில் கையால் உடைத்து, தோல் கிழிந்ததையும் மூக்கு உடைந்ததையும் ஒதுக்கிவிடுங்கள். முளை இருப்பது அந்த மூக்கில்தான்.